அறுபத்தாறு மரம், ஏழு பெயர்

ஷாமினி! ஏய் ஷாமினி! இந்த வாரம் உன் முறை. போன வாரம் அப்பாவின் பழ லோரிக் கதையை எழுதும்போதே நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "என்னயப் பத்தி எப்ப எழுதுவ?" என்று நச்சரித்த மாதிரி இருந்தது. இதோ எழுதுகிறேன். பிழை இருந்தால் ஆசிரியர் திருத்துவார். நீ சும்மா இரு.

புதிதாகப் படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஷாமினி என் தங்கை. என்னைவிட நான்கு வயது இளையவள். நான் இரண்டாம் படிவத்தோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, பள்ளிக்கூடத்தை விட்டவள். பகாவுக்குப் பக்கத்தில் எங்கள் செம்பனைத் தோட்டத்திலேயே உரம் போடும் கேங்கில் வேலை. அவள் நீலாயில் யூனிவர்சிட்டியில் படித்துக்கொண்டிருந்தாள். இப்போது இல்லை.

அழுவதற்காக இதை எழுதவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பெல்லாம் குதிக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

தொண்ணூத்தாறு பீல்டு

முதல் நாள் நல்ல மழை. காலையில் வெயில் வந்ததும் தோட்டம் முழுக்க ஆவி பறந்தது. அழுகின பழமும் ஈர ஓலையும் கலந்த வாசனை. நானும் அவளும் பூட்ஸ் போட்டுக்கொண்டு தொண்ணூத்தாறு பீல்டுக்குள் இறங்கினோம். அவள் கையில் வெள்ளைப் பெயிண்ட் டின். என் கையில் மைலோ போத்தல், நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் இரண்டு.

அந்த பீல்டின் ஓரத்தில், ரோட்டுப் பக்கமாக, எண் எழுதின சிமெண்டுக் கல் ஒன்று நிற்கும். அந்தக் கல்லிலிருந்து ஒரு நெரை நேராக உள்ளே போகும். நெரை என்றால் ஒரே கோட்டில் நட்ட மரங்களின் வரிசை. நடுவில் ஒரு லோரிப் பாதை குறுக்கே வரும். அதைத் தாண்டியும் அதே நெரை விடாமல் போகும்.

அந்த நெரையில்தான் ஷாமினி காலத்தை நட்டு வைத்தாள்.

கல்தான் இன்றைக்கு. முதல் மரம் ஒரு மில்லியன் வருஷத்துக்கு முன்னால். இரண்டாவது மரம் இரண்டு மில்லியன். இப்படியே அறுபத்தாறாவது மரம் வரை. அங்கேதான் வானத்திலிருந்து பெரிய கல் விழுந்தது, டைனோசர் கதை முடிந்தது, பால் குடித்து வளரும் உயிர்களின் காலம் ஆரம்பித்தது. மரத்துக்கு மரம் ஒரே தூரம் விட்டு நடுவதால் அளவுக்குத் தனியாக டேப் கூட வேண்டாம். தோட்டமே டேப்.

நம்ம தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை ஒரு நாள் இதில் நடக்க வைக்கிறேன் என்று அவள் பள்ளிக்கூடத்தில் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். அதற்காக, வாரநாளில் என்னை மரங்களை எண்ணி எண் எழுதி வைக்கச் சொன்னாள். நானும் வேலை முடிந்து, மீதமிருந்த சிவப்புப் பெயிண்டில் ஒன்று, இரண்டு, மூன்று என்று அறுபத்தாறு வரை அடித்து வைத்தேன். எண்ணுவது எனக்குக் கைவந்த வேலை. ஒரு மரத்துக்கு இத்தனை கிண்ணம் உரம் என்று நாள் முழுக்க எண்ணுகிறவள் நான்.

அவள் என் எண்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். "சூப்பர்க்கா, கையெழுத்து என்னய விட நல்லாருக்கு" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பத்தாவது மரத்தைத் தாண்டினதும் நின்றுவிட்டாள்.

பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில் ஒரு காலி இடம். புல் மண்டிய வட்டம். பழைய அடிமரம் கறுத்து மக்கிக் கிடந்தது.

"அக்கா. இது என்னா?"

அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்று சொல்வதற்கு முன்னால், அவள் எப்படி இந்தப் படிப்புக்குப் போனாள் என்பதைச் சொல்ல வேண்டும்.

கல் படிக்கப் போனவள்

அவள் கேட்டது நர்சிங். கிடைத்தது நிலவியல். ஆன்லைனில் முடிவு வந்த அன்று வீட்டில் யாருக்கும் அது என்ன படிப்பு என்று தெரியவில்லை.

"கல்லு, மண்ணு பத்திப் படிக்கறது லா" என்றாள்.

அப்பா லோரிச் சாவியை மேசையில் வைத்துவிட்டு, "கல்லு படிக்கறதுக்கு நீலாய் வரைக்கும் போவணுமா? இங்க என் லோரி டயர்ல மாட்டறது பூரா கல்லுதான்" என்றார்.

அம்மாவுக்குக் கவலை. "நர்சுன்னா ஊசி போடுவேன்னு சொல்லலாம். இது யாராச்சும் கேட்டா என்னான்னு சொல்றது?"

"மக கல்லு மாதிரி இருக்கான்னு சொல்லு, ம்மா."

முதல் இரண்டு மாதம் அவளுக்கும் பிடிக்கவில்லை. போன் பண்ணி அழுவாள். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கினாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "அக்கா, திமிங்கிலம் முன்ன நாலு கால்ல நடந்துச்சு, தெரியுமா?" என்றாள்.

"பசியாறினியா இல்லியா நீ?"

"சத்தியமாக்கா! நம்ம நாய் மாதிரி நடந்துச்சு. அப்பறம்தான் தண்ணிக்குள்ள போச்சு. அது இயோசீன்ல."

"எங்க? சிரம்பான் தாண்டியா?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அது ஊர் இல்லை, காலம். பிறகு சொன்னாள், "ஆனா நீ கேட்டது தப்பில்லக்கா. காலமும் ஊரு மாதிரிதான். அதுக்கும் பேரு இருக்கு, எல்லை இருக்கு."

நாலாம் டிவிஷன்

அன்றைக்கு அவள் எனக்கு விளக்கிய விதத்தை யூனிவர்சிட்டியில் யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். ஏனென்றால் அவர்களுக்குத் தோட்டம் தெரியாது.

தோட்டத்தில் இடத்துக்கெல்லாம் வருஷத்தைத்தான் பெயராக வைப்போம். மரம் நட்ட வருஷம் எதுவோ அதுதான் பீல்டின் பெயர். "எங்க இருக்க?" என்று கேட்டால் "ரெண்டாயிரத்து மூணுல இருக்கேன்" என்போம். "தொண்ணூத்தாறுல பாம்பு வந்துச்சு" என்போம். வெளியாள் கேட்டால் பைத்தியம் என்று நினைப்பான். நாங்கள் எப்போதுமே காலத்துக்குள்தான் நடந்துகொண்டிருக்கிறோம்.

"பாரு," என்றாள் அவள். "சீனோசோயிக்னு ஒரு பெரிய எஸ்டேட். அதுக்குள்ள மூணு டிவிஷன். பேலியோஜீன், நியோஜீன், குவாட்டர்னரி. ஒவ்வொரு டிவிஷன்லயும் பீல்டு. பேலியோஜீன்ல மூணு பீல்டு: பேலியோசீன், இயோசீன், ஒலிகோசீன். நியோஜீன்ல ரெண்டு: மயோசீன், பிளையோசீன். குவாட்டர்னரில ரெண்டு: பிளைஸ்டோசீன், ஹோலோசீன். அவ்ளதான். ஏழு பீல்டு."

"குவாட்டர்னரின்னா என்னா அர்த்தம்?"

"நாலாவது."

"மூணு டிவிஷன்தான சொன்ன? நாலாவது எப்படி வரும்?"

அவள் அப்படியே எழுந்து நின்றுவிட்டாள். கண் பளபளக்கிறது. "அதான்க்கா! முன்ன ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு பேரு வச்சிருந்தாங்க. அதெல்லாம் சரியில்லன்னு ஒவ்வொண்ணா விட்டுட்டாங்க. நாலு மட்டும் நின்னு போச்சு. நம்ம தோட்டம் மாதிரியே!"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எங்கள் தோட்டத்தில் முதல் டிவிஷன் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. இரண்டாவது பாக்டரி. மூன்றாவது எப்போதோ கைமாறிப் போனது. நாங்கள் இருப்பது மட்டும்தான் மிச்சம். ஆனாலும் இதன் பெயர் இன்றைக்கும் நாலாம் டிவிஷன்தான். ஒன்று எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

பிறகு பெயர்களுக்கு அர்த்தம் சொன்னாள். ரொம்ப நாளைக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரர் பாறையில் ஒட்டின சிப்பிகளை ஆள் வைத்து எண்ணினாராம். இதில் எத்தனை வகை இன்றைக்கும் கடலில் உயிரோடு இருக்கிறது? கொஞ்சம் என்றால் பழைய பாறை. நிறைய என்றால் புதுப் பாறை. அந்தக் கணக்கை வைத்துத்தான் பெயர். இயோசீன் என்றால் புதுசின் விடியல். மயோசீன் கம்மியாகப் புதுசு. பிளையோசீன் கூடப் புதுசு. பிளைஸ்டோசீன் ரொம்பப் புதுசு. பின்னால் வந்தவர்கள் நடுவில் ஒலிகோசீனைச் சொருகினார்கள், கொஞ்சமே புதுசு என்று. இந்தக் கடைசியில் ஹோலோசீன், முழுசாகப் புதுசு. அந்தக் கடைசியில் பேலியோசீன். அதற்கு அர்த்தம் பழைய புதுசு.

"பழைய புதுசா? செகண்டு ஹேண்டு மோட்டார் சைக்கிள் மாதிரியா?" என்றேன்.

"அய்யோ, நீ ஒருத்தி போதும்க்கா" என்று என் தோளில் அடித்தாள்.

அன்றைக்குத்தான் அவளுக்கு நெரை யோசனை வந்தது.

"செத்தத எவன் எண்ணுவான்?"

மறுபடி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில், புல் மண்டிய வட்டத்தில் அவள் நிற்கிறாள்.

"அதுவா? அங்க மரம் செத்துப் போச்சு. காளான் நோவு" என்றேன்.

"அப்ப இத எண்ணலியா நீ?"

"செத்தத எவன் எண்ணுவான்?"

கிண்டலுக்குச் சொல்லவில்லை. எங்கள் வேலையில் அப்படித்தான். செத்த இடத்துக்கு உரம் கிடையாது. குலை கிடையாது. காலி இடம் வந்தால் கால் தானாக அடுத்த மரத்துக்குப் போய்விடும், வாய் தானாக அடுத்த எண்ணைச் சொல்லும். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வந்து சரிபார்த்தாலும் அப்படித்தான் எண்ணுவார். காலியை எண்ணினால்தான் திட்டு விழும்.

ஷாமினி கையிலிருந்த டின்னைக் கீழே வைத்தாள். "அக்கா, மரம் செத்துப் போச்சு. சரி. அந்த ஒரு மில்லியன் வருஷம் நடந்துச்சுதான? அது எங்க போவும்? நீ விட்டுட்டா, இதுக்கு அந்தப் பக்கம் இருக்கறது எல்லாமே தப்பான எடத்துக்குப் போயிடும்."

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. நெரை முழுக்க இப்படி ஐந்து காலி. என் அறுபத்தாறு அங்கே எழுபத்தோராவது இடத்தில் நிற்கிறது! விண்கல்லை நான் ஐந்து மில்லியன் வருஷம் முன்னதாகவே விழ வைத்துவிட்டேன்.

"அலமாக்! டைனோசர்கிட்டேர்ந்து அஞ்சு மில்லியன் வருஷத்தப் புடுங்கிட்டியேக்கா!"

இரண்டு பேரும் ஈரத் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தோம். வயிறு வலித்தது. பிறகு அவள் உரச் சாக்கைக் கிழித்து ஒரு வெள்ளைப் பட்டை எடுத்தாள். ஓலைக் காம்பைக் குச்சியாகச் சீவி அதில் கட்டினாள். காலி இடத்தின் நடுவில் ஊன்றினாள். "இதான் பதினொண்ணு" என்றாள். அடுத்த மரத்தில் என் சிவப்புப் பதினொன்றின் மேல் வெள்ளையில் பன்னிரண்டு என்று எழுதினாள்.

அப்படியே போனோம். இருபத்திரண்டாவது இடத்துக்குப் பக்கத்தில் அவள் "ஷ்ஷ்!" என்றாள். சேற்றில் புதுசாகக் கால் தடம்.

"தெனுக்!" என்று கத்தினாள். வெள்ளையும் கறுப்புமாக, குட்டித் தும்பிக்கை வைத்த காட்டு மிருகம் அது. "பாருக்கா, முன்கால்ல நாலு வெரலு, பின்கால்ல மூணு! இவன் வம்சம் இயோசீன்லேர்ந்து வருதுக்கா. இந்த நெரையில பாதிக்கு மேல நடந்து வந்துருக்கான்!"

நான் வாழ்நாளெல்லாம் தெனுக் தடத்தைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து விரல்களை எண்ணினேன்.

இருபத்து மூன்றாவது மரத்தில் 'மயோசீன் ஆரம்பம்' என்று எழுதி முடித்தாள். முடிக்கவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. பெயிண்ட் டின்னைத் தலையில் கவிழ்க்காத குறையாக ஓடினோம். ஓடும்போதே கத்தினாள், "மிச்சத்த அடுத்த வாரம் பாத்துக்கலாம்!"

மூணு பேர்

அடுத்த வாரம் வரவில்லை. புதன்கிழமை காய்ச்சல் என்றாள். டெங்கி. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள். இருபது வயது.

அதைப் பற்றி இவ்வளவுதான் என்னால் எழுத முடியும்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு நாள் தோட்ட ஆபீசுக்குப் போனேன். கணக்கெழுதும் கிராணி வீட்டுப் பதிவைத் திறந்தார். நல்ல மனிதர். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்.

"இப்ப வீட்டுல எத்தன பேருமா?"

"மூணு பேரு சார். அப்பா, அம்மா, நான்."

பட்டென்று சொல்லிவிட்டேன். காலி இடத்தைத் தாண்டிக் கால் போகிற மாதிரி என் வாய் தாண்டிப் போய்விட்டது. வெளியே வந்து மோட்டாரை ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

அன்றைக்குச் சாயங்காலமே தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியை வீட்டுக்கு வந்தார். "புவனா, பிள்ளைங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க. நான் சொல்லிட்டேன் அந்த நடை கேன்சல்னு. நீ ஒண்ணும் மனசுல வச்சிக்காதமா" என்றார்.

எங்கிருந்து எனக்கு அந்தத் தைரியம் வந்ததோ. "கேன்சல் பண்ணாதீங்க டீச்சர். நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

சொன்ன பிறகுதான் பயம் பிடித்தது. நான் இரண்டாம் படிவம். நாற்பத்து மூன்று இடத்துக்கு எண்ணைத் திருத்த வேண்டும். ஏழு பெயரும் வாயில் நுழைய வேண்டும். போதாததற்கு மண்டோர் மணியண்ணன் இன்னொரு குண்டைப் போட்டார்.

"தொண்ணூத்தாறையா கேக்கற? மரம் கெழடாயிருச்சு, எல்லாத்தயும் சாச்சிட்டு மறுநடவு. திங்கக்கெழம மெசின் உள்ள எறங்குது புள்ள."

"சனிக்கெழம மட்டும் குடுங்கண்ணே. காலைல ரெண்டு மணி நேரம்."

அவர் என்னைப் பார்த்தார். "நம்ம ஷாமினி வேலையா?"

"ஆமாண்ணே."

"பாம்பு பாத்து நட. நானும் வரேன் லா" என்று சொல்லிவிட்டு மோட்டாரைக் கிளப்பிப் போய்விட்டார்.

அந்த வாரம் முழுக்க உரம் போட்டுக்கொண்டே பெயர்களைச் சொல்லிப் பழகினேன். ஒரு கிண்ணம் உரம், ஒலிகோசீன். ஒரு கிண்ணம் உரம், மயோசீன். கேங்கில் கமலாக்கா சும்மா விடுவாளா? "என்னாடி, மந்திரமா? எனக்கும் ஒண்ணு சொல்லிக் குடு, என் வீட்டுக்காரன் அடங்கறானான்னு பாப்போம்" என்றாள்.

"பிளைஸ்டோசீன் சொல்லிப் பாருக்கா. பனி கொட்டும்."

நாக்குப் புரளாத பெயருக்கெல்லாம் ஷாமினி எப்போதோ அனுப்பின குரல் பதிவுகள் போனில் இருந்தன. கேட்டேன். முதல் நாள் ஒன்றோடு நிறுத்திவிட்டேன். இரண்டாம் நாள் மூன்று. வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் கேட்டேன். கடைசிப் பதிவில், பெயரைச் சொல்லி முடித்ததும் அவள் யாரிடமோ சாப்பாட்டுக்கு என்ன என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் இறங்கினேன். இருபத்து நாலிலிருந்து அறுபத்தாறு வரை ஒவ்வொரு சிவப்பு எண்ணின் மேலும் வெள்ளையில் எழுதினேன். ஷாமினி இரண்டு குச்சி நட்டிருந்தாள். மீதி மூன்று காலிக்கும் நான் நட்டேன். அதே மாதிரி ஓலைக் காம்பு, அதே சாக்குப் பட்டை. அறுபத்தாறில் வந்து நின்றபோது வெளிச்சம் இருந்தது. கல்லிலிருந்து மறுபடி முழுக்க எண்ணிப் பார்த்தேன். சரியாக இருந்தது. ஒரு முறை கத்தினேன். யாரும் இல்லை, அதனால் இன்னொரு முறை கத்தினேன்.

உள்ளங்கையும் கடுகும்

சனிக்கிழமை காலை இருபத்து மூன்று பிள்ளைகள், ஆளுக்கொரு தண்ணிப் போத்தல், தலையில் தொப்பி. முன்னால் மண்டோர் கத்தியோடு. பின்னால் தலைமையாசிரியை. நடுவில் நான், வாய்க்குள் ஏழு பெயரையும் சொல்லிக்கொண்டே.

கல்லில் ஆரம்பித்தேன். கல்லின் அடியில் என் உள்ளங்கையை வைத்துக் காட்டினேன்.

"இதான் ஹோலோசீன். சோறு வெளையவச்சது, ஊரு கட்டுனது, எழுதப் படிச்சது, கோயில் கட்டுனது, எல்லாம் இந்த ஒரு உள்ளங்கைக்குள்ள."

"நம்ம தோட்டம்?" என்றாள் முன்வரிசையில் ஒரு சிறுமி. பெயர் தர்ஷினி, மூன்றாம் வகுப்பு. அன்று முழுக்க அவள்தான் கேள்வி கேட்டாள்.

சட்டைப் பையிலிருந்து ஒரு கடுகை எடுத்து உள்ளங்கை ஓரத்தில் வைத்தேன். ஷாமினி கணக்குப் போட்டு வைத்திருந்தது. "நம்ம ஆளுங்க கப்பலேறி வந்து காடு வெட்டுனதிலேர்ந்து இன்னிக்கி வரைக்கும் இவ்ளதான்." பிள்ளைகள் குனிந்து குனிந்து பார்த்தார்கள். மண்டோரும் குனிந்தார். "நான் எம்மாம் பெரிய மண்டோருன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்" என்றார்.

ஷாமினி தன் வயதுக்கும் ஒரு அளவு எழுதி வைத்திருந்தாள். இரண்டு பேப்பர் கனம். அதை நான் சொல்லவில்லை.

பிளைஸ்டோசீனில் இரண்டரை மரம். "தண்ணியெல்லாம் வடக்க பனியா ஒறஞ்சு கெடந்தப்ப போர்ட்டிக்சன் கடலே கெடையாது. நடந்தே சுமத்ரா போயிட்டு வரலாம்."

"பாஸ்போர்ட்டு?"

"வேணாம்!"

ஒரே கூச்சல்.

பிளையோசீன் ஐந்தாவது மரத்தைத் தாண்டினதும் முடிந்தது. மயோசீன் நீளம், பதினெட்டு மரம் கிட்டத்தட்ட. புல் பரவின காலம். "லாலாங் புல்லா?" என்றது ஒரு குரல். "லாலாங்கோட தாத்தனுக்குத் தாத்தன்" என்றேன். பதினோராவது இடத்தில் குச்சியைத் தாண்டியபோது தர்ஷினி நின்றாள்.

"அக்கா, இங்க மரமே இல்லியே. இது ஏன் பதினொண்ணு?"

"மரம் செத்துப் போச்சு. ஆனா அந்தக் காலம் நடந்துச்சுதான? அதனால குச்சியையும் எண்ணணும். விட்டுட்டா எல்லாம் தப்பாயிடும்."

அவள் தலையாட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு குச்சிக்கும் அவளே முன்னால் ஓடி, தொட்டு, எண்ணைச் சத்தமாகச் சொன்னாள்.

ஒலிகோசீனில் பள்ளிக்கூட பஸ்ஸை விட உயரமான கொம்பில்லாத காண்டாமிருகம். இயோசீனில் நாய் அளவுக் குதிரை, நடக்கிற திமிங்கிலம். திமிங்கிலம் மாதிரி நடந்து காட்டச் சொன்னேன். இருபத்து மூன்று பிள்ளைகளும் நடந்தார்கள். தலைமையாசிரியையும் நடந்தார்! ஐம்பத்தாறைத் தாண்டி பேலியோசீன். டைனோசர் போன பிறகு வெறிச்சோடிக் கிடந்த உலகத்தில் எலி மாதிரி, பெருச்சாளி மாதிரி சின்னச் சின்னதாக நம்ம கூட்டம். அறுபத்தாறாவது மரத்தைத் தொட்டதும் எல்லாரும் "டமார்!" என்று கத்தினார்கள். பறவையெல்லாம் எழும்பிப் பறந்தது.

நான் சிரித்துக்கொண்டிருந்தேன். முகம் வலிக்கும் அளவுக்கு. ஒரு பெயர்கூடத் தடுக்கவில்லை, ஷாமினி. ஒன்றுகூட.

குச்சி

பிள்ளைகள் மரத்தடியில் உட்கார்ந்து தண்ணி குடித்தார்கள். தர்ஷினி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு எண்ணும் வெறி இன்னும் அடங்கவில்லை. போத்தலை எண்ணினாள், தொப்பியை எண்ணினாள்.

"எங்க வீட்டுல நாங்க நாலு பிள்ளைங்க. ஒங்க வீட்டுல எத்தன பிள்ளைங்கக்கா?"

"நான் ஒருத்திதான்" என்றேன்.

மறுபடியும்! வாய் அதுபாட்டுக்குத் தாண்டிப் போய்விட்டது. தலைமையாசிரியை சட்டென்று திரும்பிப் பார்த்தார்.

தர்ஷினி என்னையே பார்த்தாள். பிறகு டீச்சர் மாதிரி விரலை ஆட்டினாள்.

"இல்ல. ரெண்டு. ஷாமினி அக்கா எங்க ஸ்கூலுக்கு வந்தாங்களே. குச்சியையும் எண்ணணும்னு நீங்கதான சொன்னீங்க?"

மண்டோர் எழுந்து அந்தப் பக்கம் போனார்.

"ஆமா," என்றேன். "ரெண்டு பேரு. நானும் ஷாமினியும்."

"ஹா, கரெக்ட்" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி தொப்பியை எண்ணப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை மெசின் இறங்கியது. ஒரு நாளில் இயோசீன் பாதி போய்விட்டது. வெள்ளிக்குள் எல்லாம் தரைமட்டம். இனி புதுக் கன்று வரும், பீல்டுக்குப் புது வருஷம் பெயராக வரும். எனக்கு அழுகை வரவில்லை என்றால் நம்புவீர்களா? இருபத்து மூன்று பிள்ளைகள் அந்த நெரையை மனசில் வைத்திருக்கிறார்கள். தர்ஷினி யாராவது தப்பாக எண்ணினால் விட மாட்டாள்.

மெசின் இறங்கின அந்தத் திங்கட்கிழமை மாலையே ஆபீசுக்குப் போய்க் கிராணியிடம், "சார், அன்னிக்கி மூணுன்னேன். பதிவுல அப்படியே இருக்கட்டும். ஆனா நாங்க நாலு பேரு, ஒங்களுக்குத் தெரியட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தெரியும்மா" என்றார்.

இந்தத் தொடரைப் படிக்கிற ராசா ஊர் அக்கா, பகாவ் சந்தை அண்ணன், எங்கெங்கோ இருக்கிற எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். இந்த வாரம் விளக்கேற்றும்போதும் சரி, கோயிலில் மண்டியிடும்போதும் சரி, உங்கள் வீட்டில் இருக்கிறவர்கள், போனவர்கள் என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வேண்டுவீர்கள். அந்த எண்ணிக்கையில் ஒரு ஆளைக் கூட்டிக்கொள்ளுங்கள். பெயர் ஷாமினி. அவள் நல்லபடியாக இருக்க எல்லாரும் வேண்டிக்கொள்ளுங்கள்.